ஸ்கிரிப்டுக்கு டெஸ்ட்னு பேர் வைக்காதீங்க

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி, சீசன் உச்சம், லாரி வரிசை கட்டி நிக்குது, அந்த நேரம் பார்த்து எடைச்சீட்டு போடற சர்வர்ல டிஸ்க் போயிருச்சு. பேக்கப் இருக்குல்லன்னு திறந்து பார்த்தா 2 மாசத்துக்கு முந்தின ஒரே ஒரு ஃபைல். ஆனா லாக்ல தினம் ராத்திரி 2 மணிக்கு ஓகே, ஓகேன்னு வரி வரியா கிடக்கு!

அங்க வேலை பார்க்கற தம்பி பேக்கப் எடுக்கற ஸ்கிரிப்டை சரியாத்தான் எழுதியிருந்தான், பேர்தான் வினை. டெஸ்ட்னு பேர் வெச்சு, முன்னாடி புள்ளி ஸ்லாஷ் போட்டு (இந்த ஃபோல்டர்ல இருக்கற ஃபைலையே ஓட்டுன்னு அர்த்தம்) ஓட்டிப் பார்த்திருக்கான், ஓடுச்சு, உடனே யூஸ்ஆர் லோக்கல் பின்ங்கற ஃபோல்டர்ல தூக்கிப் போட்டுட்டு, குறிச்ச நேரத்துல கமாண்டைத் தானா ஓட்டற கிரான்ல வெறும் டெஸ்ட், பக்கத்துல டேட்டா ஃபோல்டர் பேர், சரியா முடிஞ்சா லாக்ல ஓகே எழுதுன்னு குடுத்துட்டான்.

டெஸ்ட்ங்கறது ஷெல்லுக்குள்ளயே, அதாவது நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராமுக்குள்ளயே, இருக்கற கமாண்டுங்க. வெறும் பேரைக் குடுத்தா பாஷ்ங்கற ஷெல் முதல்ல அலியாஸ் (நாம வெச்ச சுருக்கப் பேர்), அப்புறம் ஃபங்ஷன், அப்புறம் பில்ட்இன் (ஷெல்லோடவே வர்ற கமாண்டு)னு பார்க்கும், எதுவுமே சிக்கலைன்னாதான் பாத்ல, அதாவது புரோகிராம் தேட வேண்டிய ஃபோல்டர் பட்டியல்ல, போய் தேடும். கிரான்ல ஓடற ஷெல்லுக்குள்ளயும் டெஸ்ட் இருக்கு, அதனால நம்ம ஸ்கிரிப்ட் பக்கமே அது வரல. இதுல கொடுமை என்னன்னா அந்த பில்ட்இன்னுக்கு காலியில்லாத ஒரு வார்த்தை மட்டும் குடுத்தா சத்தமே இல்லாம 0 திருப்பும், 0ன்னா வெற்றி, அதான் தினம் ஓகே.

"அண்ணா, எந்த ஃபைல் ஓடும்னு காட்டற விச் போட்டுப் பார்த்தேண்ணா, நம்ம ஸ்கிரிப்டைத்தான் காட்டுச்சு"ன்னான் தம்பி. பொய்யில்ல. பாஷ்ல விச் ஒரு தனி புரோகிராம், அதுக்கு பாத் மட்டும்தான் தெரியும், ஷெல்லுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. டைப் மைனஸ் ஏ போட்டு டெஸ்ட்னு அடிச்சுக் காட்டினேன், முதல் வரியிலயே ஷெல் பில்ட்இன்னு வந்துச்சு, நம்ம ஸ்கிரிப்ட் அதுக்குக் கீழ.

புதுசா பேர் வைக்கறதுக்கு முன்னாடி அந்த டைப் மைனஸ் ஏ கமாண்டை அடிச்சுப் பாருங்க. கிரான்ல எப்பவும் ஃபைல் இருக்கற இடத்தோட முழு பாத் குடுங்க, பேர்ல ஸ்லாஷ் வந்துட்டா ஷெல் தேடாது, நேரா அந்த ஃபைலுக்கே போயிடும். ஃபோல்டர் மாத்தற பில்ட்இன்னான சிடியோட பேர்லயே வேணும்னே ஃபங்ஷன் எழுதறவங்க உள்ள பில்ட்இன் சிடின்னு கூப்பிடுங்க, இல்லன்னா அது தன்னையே கூப்பிட்டுக்கிட்டு நிக்காம சுத்தும். பைதான்ல ரேண்டம்னு ஃபைல் பேர் வைக்கறதும் இதே வம்புதான், அதே பேர்ல இருக்கற அசல் லைப்ரரியை அது மறைச்சுடும்.

அந்த 2 மாச சீட்டையும் எடைமேடை ரூம்ல உக்காந்து கார்பன் காப்பியைப் பார்த்துப் பார்த்து திரும்ப அடிச்சாங்க, தம்பி 4 நாள் வீட்டுக்கே போகல.