மின்னேற்ற இருப்பு

கொழும்பிலிருந்து நக்கிள்ஸ் மலைப்பக்கம் காம்பர் வானில் சென்று, தேசிய மின்கட்டமைப்பின் கம்பி எட்டாத இடத்தில் இரண்டு இரவு தங்குபவருக்கு, குளிர்சாதனப்பெட்டியும் விளக்கும் நீர்ப் பம்பியும் இயங்க வண்டியின் பற்றரி ஒன்றே துணை. அதில் எஞ்சியிருக்கும் அளவை ஆங்கிலத்தில் 'ஸ்டேட் ஒஃப் சார்ஜ்' என்பர். பேச்சில் 'சார்ஜ் எத்தனை வீதம்' என்று கேட்டுக் கடந்துவிடுகிறோம். எழுதும்போது 'மின்னேற்ற நிலை' என்கிறோம். இத்தொடரின் முற்பாதி அருமையானது. பிற்பாதி மாற வேண்டும் என்பது என் கருத்து.

'சார்ஜ்' என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் மூலம் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்' என்ற இலத்தீன் சொல். அதிலிருந்து பிறந்த வினைக்கு வண்டியில் பாரம் ஏற்றுதல் என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'கார்' என்பதும் அதே வேரினது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை 'மின்னூட்டம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'மின்னேற்றம்' என்கின்றன. ஊட்டுதல் உணவு தருதலையும் ஏற்றுதல் பாரம் வைத்தலையும் குறிப்பதால், மூலச்சொல்லின் உள்ளுறையை அப்படியே தாங்கி நிற்பது நம்முடைய சொல்லே. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவரும் 'பற்றரி இறங்கிப்போச்சு, ஏத்த வேணும்' என்றே சொல்கிறார். மின்னேற்றம், மின்னிறக்கம் என்ற இணை மக்கள் பேச்சோடு இவ்வளவு இயல்பாக ஒட்டுவது மகிழ்ச்சி தருகிறது.

'பற்றரி' பீரங்கி அணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். 1749ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் பெஞ்சமின் பிராங்கிளின், ஒன்றோடொன்று இணைத்த கண்ணாடித் தகடுகளுக்கு அதனை வழங்கினார். பல அலகுகள் சேர்ந்தது என்ற கருத்தை, பற்றரிக்குத் தமிழில் வழங்கும் 'மின்கலவடுக்கு' சரியாகவே காட்டுகிறது. 12 வோல்ற்று ஈயவமிலப் பற்றரியில் ஆறு கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன.

இனி 'நிலை'. ஒரு மாலை, சூரியப் படலம் மின்னேற்றிக்கொண்டிருக்கையில் எங்கள் வானின் வோல்ற்றுமானி 13.8 காட்டியது, பற்றரி நிரம்பிவிட்டதென்று நம்பினோம், விடியுமுன் குளிர்சாதனப்பெட்டி நின்றுவிட்டது. மானி பிழை செய்யவில்லை. அது அந்தக் கணத்து நிலையைச் சொன்னது. நாங்கள் அதைக் கையிருப்பாக வாசித்தோம். மின்னேறும்போது வோல்ற்றளவு உயரும், சுமை கொடுக்கும்போது தாழும். ஈயவமிலப் பற்றரியைச் சில மணிநேரம் ஏற்றாமலும் இறக்காமலும் ஓயவிட்டால் மட்டுமே, ஏறக்குறைய 12.7 வோல்ற்று நிறைவையும் 12.2 வோல்ற்று பாதியையும் குறிக்கும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையிலோ கொள்ளளவின் பெரும்பகுதி முழுவதும் 13.2 வோல்ற்றையொட்டியே நிற்பதால், ஓயவிட்டாலும் அதிகம் தெரியாது.

ஆகவே நம்பத்தக்க கருவிகள் கணக்கு வைக்கின்றன. பற்றரியின் மறை (நெகற்றிவ்) முனைக் கம்பியில் 'ஷன்ற்' எனப்படும் மிகச் சிறிய தடையொன்றைப் பொருத்தி, அதனூடாக வரும் போகும் மின்னோட்டத்தை அளந்து, நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக் கழிக்கின்றன. 100 அம்பியர் மணிப் பற்றரி நிரம்பியிருக்க, 4 அம்பியர் வீதம் 10 மணிநேரம் எடுத்தால், மிஞ்சுவது 60 அம்பியர் மணி. இது கடைக்காரர் பேரேட்டில் எழுதும் வரவும் செலவும் இருப்பும் அல்லவா? எனவே 'மின்னேற்ற இருப்பு' என்பதே பொருந்தும். 'மின்னேற்ற நிலை' என்பதை, பற்றரி இப்போது ஏறுகிறதா, இறங்குகிறதா, ஓய்கிறதா என்பதற்கு ஒதுக்கிவிடலாம்.

கருவிக்கு 'பற்றரிக் கண்காணிப்பான்' என்ற பெயரையும் கண்டிருக்கிறேன். நேரே அளப்பது மானி. வோல்ற்றுமானி, அம்பியர்மானி என்பன அவ்வாறு அமைந்தவை. இருப்பு நேரே அளக்கப்படாமல் கணக்கிட்டுக் காட்டப்படுவதால், 'இருப்புக்காட்டி' எனலாம். இக்கணக்கில் சிறு பிழைகள் நாளடைவில் சேரும். பற்றரி முழுதாக நிரம்பும் ஒவ்வொரு முறையும் காட்டி தன்னை 100 வீதத்துக்கு மீட்டுக்கொள்ள வேண்டும். பல நாள் மழைமூட்டத்தில் சூரியப் படலத்தை மட்டும் நம்பி முகாமிட்டிருப்பவருக்கு அந்த நிறைவு வாய்ப்பதில்லை. அப்போது காட்டும் இருப்பை ஐந்து பத்து வீதம் குறைத்தே வாசிக்க வேண்டும்.