பந்தயக் காரின் நகல்: சாலைக்கு எது பொருந்தும்?

போர்டு ஜிடி40 காரின் உயரம் சுமார் 40 அங்குலம்தான். பெயரில் உள்ள எண்ணே அதிலிருந்து வந்தது. 1966 முதல் 1969 வரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தொடர்ந்து நான்கு முறை வென்ற குடும்பம் இது. இதன் நகலை அன்றாடச் சாலையில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் வளைவு நெளிவுகளை அப்புறம் ரசிக்கலாம். முதலில் எஞ்சினின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைப் பாருங்கள்.

பந்தயக் கார் வேகத்தை நம்பிக் கட்டப்பட்டது. பாய்ந்து போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். சிக்னலில் நிற்கும்போது அந்தக் காற்று கிடைக்காது. ஜிடி40-இல் இன்னொரு சிக்கலும் உண்டு: ரேடியேட்டர் முன்மூக்கில், எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். இடையே ஓடும் நீளமான குழாய்களில் மேடான இடத்தில் காற்று தங்கிவிட்டால் தண்ணீர் ஓட்டம் தடைபடும், எஞ்சின் கொதிக்கும். அதனால் வலுவான மின்விசிறிகளும், அவை இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே வரும்படி சுற்றிலும் மூடிய கூடும், தங்கிய காற்றை வெளியேற்ற வழியும் வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தே எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பமானி முள் ஏறி, விசிறி சுழன்றதும் இறங்கி, அந்த எல்லைக்குள்ளேயே ஆடினால் சரி. விசிறி ஓடியும் முள் ஏறிக்கொண்டே போனால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி முறுக்கப்படுகிறது. சேசிஸ் விறைப்பாக இருந்தால்தான் அந்த அசைவு ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போய் அடங்கும். இல்லாவிட்டால் சேசிஸே ஒரு ஸ்பிரிங்காகி ஆடும். ஃபைபர்கிளாஸ் பாடியில் கதவு ஓரமாக விரிசல் விழும். 1962-இல் வந்த ஏசி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தாங்கியது, அடியில் நீளவாக்கில் போன இரண்டு தடித்த எஃகுக் குழாய்கள். அதை அப்படியே நகலெடுப்பதைவிட, குறுக்குத் தாங்கிகள் சேர்த்து வலுப்படுத்திய நகலே சாலைக்கு நல்லது என்பது என் கருத்து. ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் சேசிஸ் முறுகுகிறது.

பிரேக்கில் பந்தய பேடு வேண்டவே வேண்டாம். நன்றாகச் சூடேறினால்தான் அது பிடிக்கும். காலையில் முதல் திருப்பத்தில் அது குளிர்ந்துதான் இருக்கும்.

முதல் நகல் வாங்குபவருக்கு நான் சொல்வது போர்ஷே 550 ஸ்பைடர் என்ற பந்தயக் கார். இதன் நகல்கள் பலவற்றில் இருப்பது போக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சின். காற்றால் குளிரும் அந்த எஞ்சினின் விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. வண்டி நின்றாலும் காற்று நிற்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அசலில் எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் இருந்தது. சில நகல்களில் அது அச்சுக்கும் பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியில், வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வெளியே தள்ளும். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.