எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும்?

துபாயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், நண்பர்களோடு பங்கு போட்டுப் பழைய ஹோபி 16 கேட்டமரான் (இரட்டை ஓடப் பாய்மரப் படகு) ஒன்றை வாங்கியிருக்கிறார். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எவர்சில்வர் கம்பிகளின் அடிமுனையில் பழுப்புக் கறை. படத்தை அனுப்பி, கூடவே இரண்டு கேள்விகள்: "துருப்பிடிக்காத எஃகு என்கிறார்கள், பிறகு எப்படிப் பிடித்தது? மேலே எல்லாம் பளபளவென்று இருக்கும்போது கீழே மட்டும் ஏன்?" இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த இரண்டாவது கேள்விக்காக.

ஹோபி 16 பற்றித் தெரியாதவர்களுக்கு: அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் என்ற கலிஃபோர்னியாக்காரர் உருவாக்கிய படகு. 1970 வாக்கில் விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. மெல்லிய இரண்டு ஓடங்கள், நடுவே கேன்வாஸ் போலொரு விரிப்பு, 5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், மொத்த எடை 145 கிலோ. 8 மீட்டர் உயர அலுமினியப் பாய்மரத்தைக் குழிதோண்டி நடுவதெல்லாம் இல்லை. முன்குறுக்குச் சட்டத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரு கம்பி (அது கீழே இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓடங்களின் மூக்கையும் பிடிக்கும்), பக்கத்துக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான். மூன்றில் ஒன்று போனால் பாய்மரம் கீழே. நான்காவது கம்பி கிடையாது.

ஒற்றை ஓடப் படகு காற்றடித்தால் சாய்ந்துகொடுக்கும். காற்றின் ஒரு பகுதி பாயைத் தாண்டி வழிந்துவிடும். கேட்டமரான் அப்படி எளிதில் சாயாது. திடீர்க் காற்று வந்தால் அந்த அடி முழுக்கக் கம்பிக்குத்தான். போதாததற்கு முக்கோணக் கணக்கு வேறு. கம்பி பாய்மரத்தைப் பிடிப்பது ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில். கீழே அது கட்டப்பட்டிருக்கும் இடம் பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர்தான் தள்ளி. அதாவது கம்பி கிட்டத்தட்டச் செங்குத்து. பக்கவாட்டில் 50 கிலோ விசையைத் தாங்க, கம்பி 250 கிலோவுக்கு மேல் இழுபட வேண்டும். 3 மில்லிமீட்டர் கம்பி புதிதாக இருக்கும்போது சுமார் 700 கிலோவில் அறும். 4 மில்லிமீட்டர் என்றால் 1200 கிலோவுக்கு மேல் தாங்கும். புதுக்கம்பிக்கு இது போதும். நம் கவலை பழைய கம்பியைப் பற்றி.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க ஓர் எஃகு தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கூடுதலாகச் சேர்த்த எஃகு ஒன்று அமிலத்தில் எளிதில் அரிக்கப்படாமல் இருப்பதைக் கவனித்தார். காரணம் இன்று பள்ளிப் பாடத்திலேயே உண்டு: குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால், எஃகின் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகும். தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினால் அந்தக் கணமே மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் வளர அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும்.

இனி கம்பியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரே கம்பி மாதிரித் தெரிவது உண்மையில் 19 இழைகள்: நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. வட்டங்களை நெருக்கி அடுக்கினாலும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அந்த இடைவெளிகள் நுண்குழாய்கள். கடல்நீரைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்ளும். கம்பியின் முனையைத் திம்பிள் என்ற வளைவில் சுற்றி, ஸ்லீவ் என்ற செம்புக் குழலுக்குள் நுழைத்து இறுக்கி நசுக்கியிருப்பார்கள். நசுக்கிய இடம் உறுதிதான், ஆனால் நீர் புகாத அளவுக்கு இல்லை. அதன்மேல் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஸ்லீவுக்குள் கொஞ்சம் கடல்நீர் தேங்கிவிட்டது என்று வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. படலத்தைப் பேணுவதற்காக உலோகம் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைத் துளித்துளியாகச் செலவழிக்கிறது. வெளியே எவ்வளவு செலவானாலும் காற்றிலிருந்து புதிது வந்து சேரும். இடுக்குக்குள் செலவானது செலவானதுதான். முடியிழை அகல வாசல் வழியே ஆக்ஸிஜன் ஊர்ந்து வருவதற்குள் இருப்பு தீர்ந்துவிடும். இப்போது ஒரே கம்பியில் ஆக்ஸிஜன் உள்ள வெளிப்பகுதி கேதோடு, இல்லாத உட்பகுதி ஆனோடு. பத்தாம் வகுப்பு மின்கலம்தான், என்ன, இதற்கு இரண்டு உலோகம் தேவைப்படவில்லை.

உள்ளே இரும்பும் குரோமியமும் நேர்மின் அயனிகளாகக் கரையத் தொடங்குகின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே வெளியே போய் அங்கே ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடுகின்றன. இடுக்குக்குள் நேர்மின்னூட்டம் கூடிக்கொண்டே போகிறது. அதை ஈடுகட்ட எதிர்மின் அயனி எதாவது வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். கடல்நீரில் அப்படித் தாராளமாகக் கிடைப்பது எது? குளோரைடு. அது கூட்டமாக உள்ளே நுழைகிறது. இதற்கிடையே கரைந்த குரோமியம் அயனி நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகப் படிய, மிஞ்சுவது ஹைட்ரஜன் அயனி. ஹைட்ரஜன் அயனியும் குளோரைடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்! யாரும் ஊற்றவில்லை, வெறும் கடல்நீரிலிருந்து, கம்பி தனக்குத்தானே அமிலம் காய்ச்சிக்கொண்டது. வெளியே கடல்நீரின் பிஎச் 8 அளவில் இருக்க, இடுக்குக்குள் அது 2-க்கும் கீழே இறங்கக்கூடும். அமிலத்தில் படலம் வளராது. படலம் இல்லாததால் உலோகம் வேகமாகக் கரையும். கரையக் கரைய இன்னும் குளோரைடு, இன்னும் அமிலம். மின்வேதியியலில் இதைவிட அழகான சூழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நீர் கம்பி வழியே கீழே வழிந்து அடிமுனை ஸ்லீவில்தான் தேங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு அங்கேயே செறிகிறது. சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால் வளைகுடாவில் 40-ஐத் தாண்டும். மேல்முனை அவ்வப்போது காய்ந்துவிடும், அதனால் தப்பிக்கிறது. இடுக்கில் கரைந்த இரும்பு அயனிகள் வாசலுக்கு வந்து ஆக்ஸிஜனைச் சந்திக்கும்போதுதான் பழுப்புத் துருவாகப் படிகின்றன. ஆக, கறை தெரிகிற இடத்தில் பெரிய சேதம் இருக்காது. சேதம் அது கசிந்து வந்த வாசலுக்கு உள்ளே. துணியால் துடைத்துப் 'போய்விட்டது' என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை.

நம் கடற்கரைக் கட்டுமரத்துக்கு இந்த இடுக்குத் தொல்லையே கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப்போட்டுவிடுவார்கள்.

அரிப்பு மட்டும் என்றால் கம்பி மெதுவாக மெலிந்து முன்னறிவிப்போடு போகும். திடீரென அறுவதற்குக் காரணம் அதோடு சேரும் சோர்வு. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே சங்கதி. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கம்பி விறைத்திருக்க, மறுபக்கக் கம்பி தளர்ந்து ஒவ்வோர் அலைக்கும் ஆடுகிறது. ஆட்டம் முழுவதும் ஸ்லீவின் விளிம்பில் வந்து குவிகிறது. அங்கே அமிலம் தோண்டிய நுண்குழி ஒன்று ஏற்கெனவே காத்திருக்கிறது. பிரியர்லியின் அதே 1913-ல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் கப்பல் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு கணக்கைச் சமர்ப்பித்தார். இழுபடும் தகட்டில் வட்டத்துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு, அதாவது அந்த இடத்தில் குவியும் இழுவை, 3 மடங்கு. துளை நீண்டு கூர்மையாகிப் பிளவாக மாறினால் பல மடங்கு. பிளவின் முனை ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் முன்னேறும்.

கம்பியின் முனையைப் படகின் உலோகப் பட்டையோடு கோக்கும் ஆணிக்குக் கிளெவிஸ் பின் என்று பெயர். ஒடிந்த பின் ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒடிந்த முகத்தில் ஒரு பாதி மங்கலாக, வழவழப்பாக, ஒரு புள்ளியிலிருந்து விரியும் வளைகோடுகளோடு இருக்கும். பல நாள்கள் தேய்ந்து நகர்ந்த பிளவின் தடம் அது. மீதிப் பாதி சொரசொரவென்று, புத்தம்புதிதாக மின்னும். கடைசி நொடியில் அறுந்தது அதுதான். வளைகோடுகள் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு குழியோ தேய்மானத் தடமோ இருக்கும். பின் எத்தனை காலம் பாதி உடம்போடு வேலை பார்த்தது என்பதை அந்த முகம் சொல்லிவிடும்.

இவ்வளவும் தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதைச் சொல்லவே வேண்டாம்: காற்று போகாத இடத்தில். பாய்மரத்தைக் கரையில் இறக்கிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். (இறக்கும்போதும் ஏற்றும்போதும் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். 8 மீட்டர் அலுமினியம் மின்கம்பியைத் தொட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் ஹோபி தன் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்கடத்தா நாரிழைப் பொருளால் செய்யத் தொடங்கியது.) பிளாஸ்டிக் உறை, இன்சுலேஷன் டேப் எதுவாக இருந்தாலும் வெட்டி எறியுங்கள். பழைய துணியைக் கம்பிமேல் சுற்றி நெடுக உருவினால், அறுந்த இழை துணியை இழுத்துக் காட்டிக்கொடுக்கும். வெறுங்கையால் உருவினால் விரலைக் கிழிக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பி முடிந்தது. 19-ல் 18 இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 18-ம் அதே அமிலத்தில் ஊறியவைதான்.

பின்னைக் கழற்றி நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். பின் நுழையும் பட்டையின் துளை வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகியிருந்தால் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. சந்தேகமான பட்டைக்கு, திருச்சிப் பக்கம் வெல்டிங் பட்டறைகளில் டிபி டெஸ்ட் என்பார்களே, அது போதும்: சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் பிளவுக்குள் ஒளிந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே வரும். நுண்குழாய் விளைவு படகைக் கெடுத்ததற்கு இங்கே பிராயச்சித்தம் செய்கிறது.

மாற்றும்போது பக்கக் கம்பி இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஜோடியைப் பக்கத்தில் நீட்டிவைத்து நீளம் சரிபாருங்கள். ஸ்லீவ் செம்பில் இருக்கட்டும். மலிவு என்று அலுமினிய ஸ்லீவ் போட்டால், கடல்நீரில் எவர்சில்வரோடு சேர்ந்த அலுமினியம்தான் முதலில் கரையும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குளோரைடு இல்லையென்றால் மேலே சொன்ன நாடகமே அரங்கேறாது.

புதுப்படகின் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். திருஷ்டி கழியுமா என்பது கட்டுகிறவர்கள் பாடு. ஆனால் எவர்சில்வரின் மேலே ஒட்டிய இரும்புத் துகள்களைக் கரைத்து, படலம் சீராக வளர வழிவிடுவதற்குத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துவது சிட்ரிக் அமிலம். பழத்தைக் கட்டித் தொங்கவிடுவதைவிட, அதிலிருக்கும் அமிலத்தைப் பட்டையில் தேய்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. தேய்த்துக் கழுவிய இடத்தில் கறை திரும்ப வராவிட்டால் அது மேலோட்டமான அழுக்கு. அதே வாசலில் மறுபடி வந்தால் உள்ளே அமிலக் காய்ச்சல் நடக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருடக்கணக்கில் காயவைத்து அளந்திருக்கிறது. வருடக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வுக்குச் செய்தியில் இடம் கிடைக்காது. நிதி கேட்டால் மூன்றாண்டுத் திட்டமாகச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். துரு மூன்றாண்டுத் திட்டத்துக்குக் கட்டுப்படுமா என்ன?

வாசகர் பின்னர் ஒரு வரி சேர்த்திருந்தார்: "கடைக்காரர் 316 என்கிறார், காந்தம் வைத்துச் சோதித்தால் போதுமா?" போதாது. 304, 316 இரண்டும் எவர்சில்வர் ரகங்கள். 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-ல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், குளோரைடை எதிர்ப்பது அதுதான். இரண்டுமே சூடாக்கிப் பதப்படுத்திய (அனீல் செய்த) நிலையில் காந்தத்தைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. ஆனால் கம்பியாகக் குளிர்நிலையில் இழுக்கும்போது 304-ன் படிக அமைப்பில் ஒரு பகுதி மாறி, லேசாகக் காந்தத்தில் ஒட்டும். நல்ல கம்பி ஒட்டலாம், மட்டமான ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்) ஒட்டாமல் போகலாம். தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் இல்லாத கம்பி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.