போடாத மாத்திரையின் நினைவு

"அப்பாவுக்கு அல்சைமர். காலையில் மாத்திரையை நீட்டினால் 'இப்பத்தானே போட்டேன்' என்று அடித்துச் சொல்கிறார். டப்பாவில் மாத்திரை அப்படியே இருக்கிறது. பொய் சொல்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

பெரும்பாலும் பொய்யாக இருக்காது. போட்டதாகவே அவருக்கு நினைவிருக்கலாம். நடக்காதது எப்படி நினைவில் இருக்கும்? ஒரு சோதனை செய்து பாருங்கள்.

கட்டில், ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, போர்வை, குறட்டை, கொட்டாவி. இந்தச் சொற்களை யாருக்காவது மெதுவாகப் படித்துக்காட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து 'தூக்கம்' என்ற சொல் வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்று சத்தியம் செய்பவர்கள் இருப்பார்கள். 1959இல் டீஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த சோதனை. 1995இல் ரோடிகர், மெக்டெர்மட் என்ற இரு உளவியலாளர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். (ஆங்கிலப் பட்டியலைத்தான் தமிழாக்கியிருக்கிறேன். 'ஓய்வு' என்றதும் நம் ஆட்களுக்குப் பென்ஷன்தான் ஞாபகம் வரும். தமிழுக்கென்றே பட்டியல்கள் தயாரிக்கப் பெரிய செலவா ஆகிவிடும்? யாராவது நிதி ஒதுக்கலாம்.)

கேட்டதை மூளை இரண்டு விதமாகக் குறித்துக்கொள்கிறது. ஒன்று, சொல்லுக்குச் சொல். இன்னொன்று, 'எல்லாம் தூக்கச் சமாச்சாரம்' என்ற சாரம். சாரம் 'வந்தது' என்று இழுக்கும். சொல் நினைவு 'வரவில்லையே' என்று பிடித்து நிறுத்தும். வயதானால் சாரம் அவ்வளவாகக் குறைவதில்லை, நிறுத்தும் பிடிதான் தளர்கிறது. நோய்நொடி இல்லாத தாத்தாக்களும் ஏமாறுவது இதனால்தான்.

அல்சைமர் வந்தவர்களோ, பட்டியலை ஒருமுறை மட்டும் கேட்டால் அந்தத் தாத்தாக்களைவிடக் குறைவாகவே ஏமாறுகிறார்கள்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நினைவு கூர்மையாக இருப்பதால் அல்ல. மூளையில் புது நினைவுகளைச் சேர்க்க உதவும் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதிகளும் நலிந்ததால் சாரமே சரியாகத் திரளவில்லை. 2000இல் ஆண்ட்ரூ பட்சன் குழுவினர் ஐந்து சுற்று நடத்தினார்கள்: ஒவ்வொரு முறையும் அதே பட்டியல், அதே கேள்வி. சுற்றுக்குச் சுற்று இளைஞர்களின் தவறு குறைந்தது. நலமான முதியவர்களுடையது ஏறி இறங்கி அங்கேயே நின்றது. அல்சைமர் நோயாளிகளுடையது ஏறிக்கொண்டே போனது. திரும்பத் திரும்பக் கேட்டதில் சாரம் சேர்ந்துவிட்டது. அதை மறுக்கும் அளவுக்குச் சொல்லுக்குச் சொல் நினைவு சேரவில்லை.

வாசகியின் அப்பாவுக்கும் இப்படி நடந்திருக்கலாம். வருஷக்கணக்கில் தினமும் போட்ட மாத்திரை. 'காலையில் மாத்திரை' என்ற சாரம் கெட்டியாக இருக்கும். இன்று போடவில்லை என்று சொல்லத்தான் உள்ளே ஆளில்லை. அவரோடு வாதாடாதீர்கள். 'போட்டீங்களா, போட்டீங்களா' என்று கேட்பதையும் விடுங்கள். கேட்கக் கேட்க அந்தச் சாரம்தான் தடிக்கும் என்பது என் ஊகம். கிழமை எழுதிய மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். அதைத் திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.