பழுப்பேறல்னு சொல்லுங்க, சீரழிவு வேணாம்

வேலூர் வெயில பத்தி சொல்லவே வேணாம். எங்க மொட்டை மாடில வெள்ளை பிளாஸ்டிக் சேர் மேல துளசித் தொட்டிய வெச்சிட்டு ரெண்டு வருஷமா அப்படியே விட்டுட்டோம், போன வாரம் நகத்துனா தொட்டி இருந்த எடம் மட்டும் வட்டமா பளிச்சுன்னு வெள்ளை, சுத்தி எல்லாம் பழுப்பு. ஒக்காந்து பாத்தேன், சேர் அசையல.

அன்னிக்குதான் அண்ணன் பொண்ணு ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு எதையோ படிச்சிகினு இருந்தவ, "செயற்கைக்கோள் பொருட்களின் ஒளியியல் சீரழிவுன்னு போட்டிருக்கு, பெயிண்ட் எப்படி சித்தப்பா சீரழியும்?"னு கேட்டா. நியாயமான கேள்வி. இந்த சீரழிவ கேட்டு கேட்டு எனக்கு காதே புளிச்சிப் போச்சி.

இங்கிலீஷ்ல டிகிரடேஷன்னு இருக்கறதத்தான் சீரழிவுன்னு மொழிபெயர்க்கறாங்க. அந்த டிகிரடேஷன்ல இருக்கற 'கிராடுஸ்' லத்தீன்ல படி, அதுல இருந்து எறக்கறது. அவ்ளோதான் கதை. ஆனா சீரழிவுன்னா நம்மூர்ல குடிச்சி குடும்பம் நாசமாப் போறது, அத தூக்கி பெயிண்ட் மேல வெச்சா படிக்கறவன் பெயிண்ட் உரிஞ்சி கொட்டிடுச்சின்னுதான் நெனைப்பான். நடக்கறது அது இல்ல. 1984 ஏப்ரல்ல நாசா எல்டெஃப்னு பஸ் அளவுக்கு ஒரு கலத்த மேல விட்டு 1990 ஜனவரில எறக்குனாங்க, அது எப்பவும் ஒரே பக்கத்த முன்னாடி காட்டிகினே சுத்துச்சி. அதுல ஒரே வெள்ளை பெயிண்ட் பின்பக்கம் பழுப்பாயிடுச்சி, முன்பக்கம் வெள்ளையாவே இருந்துது. ஏன்னா புற ஊதாக் கதிர் பழுப்பாக்குன மேல்தோல முன்பக்கம் மோதற அணு ஆக்சிஜன், அதாவது ஜோடி சேராம தனித்தனி அணுவா திரியற ஆக்சிஜன், அரிச்சி எடுத்துகினே இருந்துது. அப்போ முன்னாடி நடந்தது அரிப்பு, பின்னாடி நடந்தது பழுப்பேறல், ரெண்டையும் சீரழிவுன்னு ஒரே மூட்டைல கட்டுனா விஷயமே போச்சே!

பழுத்த இலையோட நெறம் பழுப்பு. ஏறல்தான் எனக்கு ரொம்ப முக்கியம். துரு ஏறுது, களிம்பு ஏறுது, கறை ஏறுதுன்னு மெல்ல மெல்ல சேர்றதுக்கெல்லாம் நாம சொல்ற வார்த்தை. கலம் சூடாவக் கூடாதுன்னுதான் வெள்ளை அடிக்கறாங்க, பழுப்பு ஏற ஏற அது உள்ள வாங்கற வெயிலும் ஏறுது. ஏறுனது எறங்கவும் எறங்கும்: செயற்கைக்கோள் மேல போர்த்தற தங்க நெற பிளாஸ்டிக் தாள், காப்டன்னு பேரு, அது மேல விண்வெளி மாதிரியே காத்த உறிஞ்சி எடுத்த வெற்றிட அறைல எலக்ட்ரான் பாய்ச்சுனா கருப்பேறுது, வெளில எடுத்து காத்துல வெச்சா மெதுவா பழைய நெறத்துக்கு திரும்புது, அதனாலதான் அறைக்குள்ள இருக்கும்போதே அளக்கணும். சீரழிஞ்சது காத்து பட்டா திரும்புமா?

இன்னொன்னு, அந்த அறைய "போலி விண்வெளி"ன்னு எழுதறாங்க. தேர்தலுக்கு முன்னாடி ஓட்டு மெஷின செக் பண்றத "மாதிரி வாக்குப்பதிவு"ன்னுதான சொல்றோம், போலி வாக்குப்பதிவுன்னா அர்த்தமே வேற இல்லியா? மொழிபெயர்க்கறவங்க அகராதில மொத வார்த்தைய எடுக்காம ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டு "மாதிரி விண்வெளி"ன்னு எழுதுங்க.