அறையை அளக்காமல் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்

"பேஸ் கும்முனு இரையுது, வசனம் மட்டும் புரியலை." வீட்டில் படம் பார்க்கப் புது ஸ்பீக்கர் வாங்கியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் பழுது ஸ்பீக்கரில் இருக்காது. வீட்டு அறைகளில் ஏறக்குறைய 200–300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு எது எவ்வளவு வந்து சேரும் என்பதை அறைதான் தீர்மானிக்கிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை எழும்: சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும் ஒலி ஓரிடத்தில் மிகுந்தும் இன்னோரிடத்தில் குறைந்தும் நிற்கும். பின்சுவரை ஒட்டி சோபா போட்டால் அந்த அதிர்வெண் வீங்கிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அநேகமாகக் கேட்கவே கேட்காது.

அதனால் அளவெடுக்கும் மைக்கை எடுக்கும் முன் சோபாவை நகர்த்துங்கள். 4 மீட்டர் அறையென்றால் பின்சுவரிலிருந்து சுமார் 1.5 மீட்டரில் காது இருப்பது நல்ல தொடக்கம். சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) இடம் தேட ஒரு பழைய வழி உண்டு: அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் மிகுந்த இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் எந்தச் சாஃப்ட்வேரும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

அடுத்துதான் ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஆட்டோ கேலிப்ரேஷன்: அது சோதனை ஒலி எழுப்பி, மைக்கில் கேட்டு, அமைப்புகளைத் தானே சரிசெய்யும். மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபா முதுகிலும் சாய்க்காதீர்கள். கேமரா ட்ரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி அணைந்திருக்கட்டும். முதல் அளவு தலை இருக்கும் சரியான இடத்தில். மற்றவை அதைச் சுற்றி 60 சென்டிமீட்டருக்குள் போதும்.

முடிந்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள். பல ரிசீவர்கள் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' (பேஸையும் தாங்கும்) என்று போட்டுவிடும். 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறிய சாட்டிலைட் ஸ்பீக்கருக்கு இன்னும் மேலே போக வேண்டும். சப்வூஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள்: உள்ளிருக்கும் ஃபில்டரின் தாமதத்தையும் சேர்த்த கணக்கு அது. சப்வூஃபர் லெவல் ஆகக் குறைந்த எண்ணில் போய் முட்டி நின்றால், அதன் பின்னால் உள்ள கெயின் (ஒலி அளவு) குமிழைக் குறைத்து கேலிப்ரேஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள்.

கையால் ஈக்யூ (ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் கூட்டிக் குறைப்பது) செய்பவர்கள் அதிகம் இடறுவது பள்ளங்களில். எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கிராஃபில் மேட்டைக் குறைக்கலாம். ஆழமான பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை அழிப்பதால் வரும் பள்ளம் அது. நேர் அலையைக் கூட்டினால் திரும்பும் அலையும் அதே அளவு கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். சூடாவதும் ஒலி சிதைவதும்தான் மிச்சம். ஸ்பீக்கரையோ சோபாவையோ ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், பள்ளமும் நகரும்.

மெல்லிய ஃபோமும் திரையும் பேஸைத் தொடுவதில்லை. உயர் அதிர்வெண் ஒலியை மட்டும் உறிஞ்சி, அறையை மந்தமாக்கி, பேஸ் இரைச்சலை அப்படியே விட்டுவிடும். பக்கச்சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் புள்ளியில் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள, ஒலியை உறிஞ்சும் பேனல் வைத்தால் வசனம் தெளியும்.

சரிபார்க்க, இலவசமான ரூம் ஈக்யூ விசார்ட் சாஃப்ட்வேரில் 20–200 ஹெர்ட்ஸ் ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள். கேலிப்ரேஷன் ஃபைலுடன் (அந்த மைக்கின் பிழையை ஈடுகட்டும் ஃபைல்) வரும் யூஎஸ்பி மைக் வேண்டும். ஃபோன் மைக்கை நம்பி சப்வூஃபரைத் திருத்த வேண்டாம்.