வாங்கியது ஒரு வருஷம், திருப்பியது இன்னொரு வருஷம்

2025 பிப்ரவரியில் ஒரு தம்பி தன் பழைய கம்பெனி அனுப்பிய கடிதத்தோடு வந்தார். 2024 மார்ச்சில் வேலைக்காக டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தவர். ரீலொகேஷன் பணம், அதாவது வீடு மாற்றும் செலவுக்கு என்று 12,000 டாலர் கொடுத்திருந்தார்கள். 12 மாதத்துக்குள் போனால் முழுசாகத் திருப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். நல்ல ஆஃபர் ஒன்று வர, ஜனவரி நடுவில் ராஜினாமா செய்துவிட்டார்.

"அண்ணா, என் கைக்கு வந்ததே எட்டாயிரத்துச் சொச்சம்தான். பன்னிரண்டாயிரம் கேட்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் கம்பெனியும் தப்பாகக் கேட்கவில்லை. 2018 முதல், ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும், வீடு மாற்றக் கம்பெனி தரும் பணம் சம்பளக் கணக்கில்தான் சேரும். அதனால் அமெரிக்க மத்திய அரசின் (ஃபெடரல்) வருமான வரிக்கான 22 சதவீதப் பிடித்தம் 2,640 டாலர், ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேரும் சேர்ந்து 918 டாலர் போக, இவர் வங்கிக்கு வந்தது 8,442. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் இவ்வளவாவது வந்தது.

இதையே 2024 டிசம்பர் 31-க்குள் திருப்பியிருந்தால் வழக்கமாக 8,442 கொடுத்தாலே போதும். கம்பெனி அந்த வருஷப் பிடித்தங்களைத் தன் கணக்கில் சரிசெய்துகொண்டு, வருஷச் சம்பளமும் பிடித்தமும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் அந்த 12,000 இல்லாமலே கொடுத்திருக்கும். இரண்டு வாரம் தள்ளிப்போனதில் கதை மாறிவிட்டது. வருஷம் முடிந்த பிறகு ஃபெடரல் வருமான வரிப் பிடித்தத்தைக் கம்பெனி திரும்பப் பெற முடியாது. அது ஏற்கெனவே வரித் துறையான ஐஆர்எஸ்ஸில் உங்கள் பெயரில் வரவாகிவிட்டது. எனவே மொத்தத் தொகையைக் கேட்பார்கள்.

918 டாலரை மட்டும் இப்போதும் மீட்கலாம். கம்பெனி, பழைய பிடித்தக் கணக்கைத் திருத்தும் 941-எக்ஸ் படிவம் போட்டு அதைத் திரும்ப வாங்கி, உங்களுக்குத் திருத்திய டபிள்யூ-2 ஆன டபிள்யூ-2சி தர வேண்டும். சம்பளப் பிரிவில் கேட்காவிட்டால் தானாக நடக்கும் என்று நம்பாதீர்கள். தம்பி மூன்று மின்னஞ்சல் போட்டார். டபிள்யூ-2சி வந்ததும், "பாக்ஸ் 1 மாறவே இல்லையே" என்று பதறினார். அது வருமான வரிக்கான சம்பளம், மாறாது. மாறுவது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் கணக்கு இருக்கும் பாக்ஸ் 3 முதல் 6 வரை மட்டும். 2024-ல் பணம் கையில் இருந்தது, அதனால் அது 2024 வருமானம்தான். பழைய ரிட்டர்னைத் திருத்தப் போகாதீர்கள். இதில் பலர் தவறு செய்கிறார்கள்.

வருமான வரியை மீட்க இருக்கும் வழி, திருப்பிக் கொடுத்த வருஷத்து ரிட்டர்ன். திருப்பியது 3,000 டாலரோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் கிடைக்காது, மறந்துவிடலாம். 3,000-க்கு மேல் என்றால் வரிச் சட்டத்தின் 1341-ஆம் பிரிவு இருக்கிறது. கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஷெட்யூல் ஏ-வில் வருமானத்திலிருந்து கழிவாகப் போடலாம், அல்லது அந்தப் பணம் 2024-ல் வராமலே இருந்திருந்தால் எவ்வளவு வரி குறைந்திருக்குமோ அதை 2025-ல் கிரெடிட்டாக, அதாவது வரியிலேயே நேரடிக் குறைப்பாக எடுக்கலாம். எது லாபமோ அது. வாடகை வீட்டில் இருக்கும் தனி ஆளுக்கு, செலவுகளைப் பட்டியலிடாமலே கிடைக்கும் 2025-ன் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 15,750. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் 12,000 கழிவைத் தனியாகக் காட்டிப் பயனில்லை. தம்பி 2024-ல் 24 சதவீத வரி வரம்பில் இருந்தார். 12,000-க்கு அந்தக் கணக்கில் கிரெடிட் 2,880 டாலர்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தப் பிரிவின்படி, வாங்கும்போது பணம் முழுக்க உங்களுடையது போலத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு அந்த உரிமை அன்றே இருக்கவில்லை என்று தெரியவர வேண்டும். "அன்று உரிமை நிஜமாகவே இருந்தது, நீங்களாக வேலையை விட்டதால்தான் போனது" என்று ஐஆர்எஸ் மறுக்க இடம் உண்டு. அப்படி மறுத்தால் கழிவும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. அதனால் ஆஃபர் லெட்டரின் வாசகத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன். "12 மாதம் முடியும்வரை இத்தொகை ஈட்டியதாகாது" என்று இருந்தால் நம் வாதத்துக்குப் பலம். "விலகினால் இழப்பீடு செலுத்த வேண்டும்" என்று இருந்தால் வாதாடுவது கஷ்டம். தம்பியின் கடிதத்தில் முதல் வகை வாக்கியம் இருந்தது. எதிர்க் கேள்வி வரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிரெடிட் கேட்டோம். கடிதம், பணம் அனுப்பிய வங்கி ரசீது, கம்பெனியின் ஒப்புகை மூன்றும் கோப்பில் இருக்கின்றன.

அதே வருஷத்தில் திருப்புகிறவர்களும் கடைசிச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். வரி பிடித்த பிறகு வரும் கழிவுகளின் வரிசையில் அந்தத் தொகையைப் போட்டிருந்தால் பாக்ஸ் 1 குறைந்திருக்காது. வருஷம் முடியுமுன் சொல்லித் திருத்த வைக்க வேண்டும்.

அப்புறம், "பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பன்னிரண்டாயிரத்தை நாங்களே தருகிறோம்" என்று புதிய கம்பெனி சொல்லியிருந்தது. தம்பிக்கு மகிழ்ச்சி. அதுவும் சம்பளம்தான் என்று நான் சொன்னபோது கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். திரையில் வந்தது அதே 8,442.